அப்பா தூங்கினால் அலாரம் அடித்தது

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் இரவு. அப்பாவை இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து (சி.சி.யு.) பக்கத்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். நெஞ்சில் ஸ்டிக்கர்கள், விரலில் கிளிப், கையில் பி.பி. பட்டை எல்லாம் அப்படியே இருந்தன. கூட ஒருவர் இருக்கலாம் என்றதால் கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மணி பதினொன்றரை இருக்கும். அப்பாவின் மூச்சு சீரானது, கை தளர்ந்தது. அப்பாடா, கண் அயர்ந்துவிட்டார் என்று நான் நினைத்த கணம் மானிட்டர் கத்தியது. அப்பா திடுக்கிட்டு விழித்தார். சிஸ்டர் வந்து பார்த்து, பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அதே கதை.

மூன்றாவது முறை நான் திரையைக் கவனித்தேன். இதயத்துடிப்பு 49. எச்சரிக்கைக்கு வைத்திருந்த கீழ் எல்லை 50. அப்பா விழித்ததும் துடிப்பு 62-க்கு ஏறியது, கருவி அமைதியானது. தூங்கும்போது எல்லோருக்கும் துடிப்பு குறையும். அப்பாவுக்கு அதோடு துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். ஆக, மருந்தும் தூக்கமும் சேர்ந்து சரியாக வேலை செய்தபோதெல்லாம் கருவி அவரை எழுப்பிவிட்டது.

காலையில் ட்யூட்டி டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் இரவின் ஈ.சி.ஜி. பதிவைப் புரட்டினார், ரத்த அழுத்தம் பார்த்தார், அப்பாவுக்குத் தலைசுற்றல் எதுவும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு இந்த நோயாளிக்கு மட்டும் எல்லையை 44 ஆக்கும்படி எழுதினார். அன்றிரவு அப்பா ஒரே மூச்சாக நாலு மணி நேரம் தூங்கினார்.

இதய வார்டில் கண்காணிப்பு உயிர் காப்பது. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் கன்சாஸ் சிட்டியிலும் வேறு சில நகரங்களிலும் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோன்றியதே இதற்காகத்தான். மாரடைப்பு வந்தவரின் துடிப்பைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், தாறுமாறாகும் அந்த நிமிடத்திலேயே மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டுவிடலாம். ஆனால் ஓர் இரவில் நோயாளியை வெளியிலிருந்து எழுப்புகிறவற்றில் பெரும்பகுதி உயிர் காக்கும் வேலை அல்ல. பழக்கத்தால், கால அட்டவணையால், யாரும் மாற்றாமல் விட்ட எண்ணால் நடப்பவையே அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், கண்காணிப்பைத் தளர்த்தாமலே தூக்கத்தை மீட்க முடியும்.

அடிபட்ட இதயத்துக்குத் தூக்கம் என்ன செய்கிறது? ஆழ்ந்த தூக்கத்தில் துடிப்பு தணிகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு இரவு ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். நாள் முழுக்கச் சுமை இழுத்த தசைக்கு அதுதான் ஓய்வு. நடுவில் உலுக்கி எழுப்பினால் அட்ரினலின் பாய்கிறது, துடிப்பும் அழுத்தமும் சட்டென்று ஏறுகின்றன. ஒரு முறை என்றால் பெரிதில்லை, இரவு முழுக்க மணிக்கு மணி என்றால்? அமெரிக்க இதயச் சங்கமும் 2022-ல் இதய நலத்துக்கான தன் அடிப்படைப் பட்டியலில் உணவு, நடை, புகை விடுதல் முதலியவற்றோடு தூக்கத்தையும் எட்டாவதாகச் சேர்த்தது. வளர்ந்தவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் என்பது அதன் கணக்கு.

‘பகலெல்லாம் தூங்கிக்கொண்டேதானே இருக்கிறார்’ என்று வீட்டார் சொல்வதுண்டு. அது உண்மையும்கூட. தீவிர சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இதைத்தான்: 24 மணி நேரத்தில் மொத்தத் தூக்கம் பார்த்தால் அப்படியொன்றும் குறைவில்லை, ஆனால் பாதி பகலில் போகிறது, மீதியும் துண்டு துண்டாக. தூக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். மணிக்கொரு முறை பி.பி. பட்டை இறுகினால் எந்தச் சுற்றும் முழுமை அடையாது. மேலாக மிதக்கும் தூக்கமே மிஞ்சும். அதனால்தான் எழுந்ததும், ‘ராத்திரி முழுக்கக் கண்ணே மூடலப்பா’ என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

எழுப்புகிறவற்றில் முதலில் சத்தம். உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வகுத்தபடி, நோயாளி படுக்கும் அறையில் இரவுச் சராசரி ஒலி 30 டெசிபெல், உச்சம் 40. சாதாரணப் பேச்சே 60 வரும். ஒவ்வொரு 10 டெசிபெல் கூடும்போதும் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒலியை அளந்த இலீன் புஷ்-விஷ்னியாக், ஜேம்ஸ் வெஸ்ட் முதலியோர் 2005-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். வெவ்வேறு மருத்துவமனைகளில் 1960 முதல் எடுத்த அளவீடுகளை வரிசைப்படுத்தியபோது, இரவு ஒலி 42-லிருந்து 60 டெசிபெலுக்கு உயர்ந்திருந்தது. இந்த ஜேம்ஸ் வெஸ்ட்தான், தொலைபேசிகளில் பல்லாண்டு இருந்த எலக்ட்ரெட் மைக்கை 1962-ல் இன்னொருவரோடு சேர்ந்து உருவாக்கியவர். ஒலியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பிற்காலத்தில் நோயாளிகளின் காதுக்காக உழைத்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

சத்தங்களுக்குள்ளும் தரம் உண்டு. ஏ.சி.யின் ஒரே சீரான இரைச்சலோடு நாம் தூங்கிவிடுவோம். எழுப்புவது திடீர் சத்தம்: இரும்புத் தட்டு விழுவது, டிராலிச் சக்கரத்தின் கிரீச், சிரிஞ்ச் பம்பின் பீப், ஷிஃப்ட் மாறும்போது நர்ஸ் மேசையில் எழும் பேச்சு. நம் வார்டுகளில் கூட இருப்பவர்களின் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கரில் வாட்ஸ்அப் அழைப்பு, கட்டிலோரம் ஓடும் ரீல்ஸ், விடியற்காலை ஐந்துக்கு யாரோ ஒருவரின் கைப்பேசியில் ஒலிக்கும் சுப்ரபாதம். பக்திதான், ஆனால் பக்கத்துக் கட்டில்காரருக்கு அப்போதுதான் கண் சொருகியிருக்கும்.

அலாரங்களைக் குறைக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நெஞ்சில் ஒட்டும் ஈ.சி.ஜி. ஸ்டிக்கரில் உள்ள ஜெல் காய்ந்துபோனாலோ, வியர்வையில் ஓரம் பெயர்ந்தாலோ கோடு நடுங்கும். கருவி அதைத் துடிப்புக் கோளாறு என்று எண்ணிக் கத்தும். சென்னை, மதுரை வெயிலில், விசிறி மட்டும் சுழலும் வார்டில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தோலைத் துடைத்துக் காயவிட்டு, நாள்தோறும் புது ஸ்டிக்கர் ஒட்டினாலே பொய் அலாரம் கணிசமாகக் குறைகிறது என்று அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸின் நர்ஸ்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். விரல் கிளிப்பும் அப்படித்தான். கை சில்லிட்டுப் போனால் ஆக்சிஜன் அளவு தவறாகக் காட்டும். கையைப் போர்வைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் சரியாகலாம். பொய் அலாரம் தூக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை. நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் கேட்கும் நர்ஸின் காது மரத்துப்போகிறது, அந்த நேரத்தில் உண்மையான ஒன்று தவறிவிடலாம். எனவே அலாரத்தைச் சரிசெய்வது நோயாளிக்குப் பாதுகாப்பும்கூட. ஒன்று மட்டும்: கருவியை நாமாகத் தொடக் கூடாது. லீடைக் கழற்றுவதோ அலாரத்தை அணைப்பதோ வேண்டாம். ‘சிஸ்டர், தூங்கும்போதெல்லாம் இது அடிக்கிறது, டாக்டரிடம் கேட்க முடியுமா?’ என்று கேட்டால் போதும்.

அடுத்தது, தொட்டு எழுப்பும் கைகள். நள்ளிரவு பி.பி., இரண்டு மணிக்குச் சர்க்கரை, நாலரைக்கு ரத்தம் எடுப்பு, ஐந்தரைக்கு உடம்பு துடைப்பு. காலை ரவுண்ட்ஸுக்குள் ரிப்போர்ட் வர வேண்டும் என்பதால் ரத்தம் விடியுமுன் எடுக்கிறார்கள். மாரடைப்பின் முதல் நாளில், இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனைக்கு மணிக்கணக்கு முக்கியம்; அதைத் தள்ளிப்போடச் சொல்லவே கூடாது. ஆனால் நாலாம் நாளில், எல்லாம் நிலையாக உள்ளவருக்கு, சோடியம் பொட்டாசியம் பார்ப்பதற்கான ரத்தத்தை ஆறரைக்கு எடுத்தால் என்ன? சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் வினீத் அரோராவும் சக ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியைத்தான் முறையாக்கினார்கள். கணினியில் உத்தரவு எழுதும்போதே, ‘இரவில் எழுப்பித்தான் ஆக வேண்டுமா’ என்று டாக்டருக்கு நினைவூட்டினார்கள். நர்ஸ்களுக்கு அதைக் கேட்கும் உரிமையையும் கொடுத்தார்கள். இரவில் அறைக்குள் நுழைவது குறைந்தது. சான்பிரான்சிஸ்கோவில் நடந்த இன்னொரு ஆய்வில், நிலையான நோயாளிகளுக்கு இரவுப் பரிசோதனையைத் தவிர்க்கும்படி கணினி பரிந்துரைத்தது. அதனால் அவசரமாக ஐ.சி.யு.வுக்கு மாற்ற வேண்டிய நிலை கூடவில்லை.

செய்ய வேண்டியவற்றை ஒன்றாக அடுக்குவது இன்னொரு வழி. பி.பி., ஊசி, சிறுநீர்ப் பை காலி செய்வது, புரண்டு படுக்க வைப்பது, இதெல்லாம் ஒரே தடவையில் நடந்தால் நடுவில் இரண்டு மணி நேரமாவது கதவு மூடியிருக்கும். நம் அரசு மருத்துவமனைகளில் ஓர் இரவு நர்ஸ் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருக்கும் இது நடையைக் குறைக்கும்.

சத்தத்தையும் கைகளையும் முழுக்கக் குறைத்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. டொராண்டோவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களை 2003-ல் ஆராய்ந்தபோது, விழிப்புகளில் 30 சதவீதத்துக்கும் குறைவானவைதான் சத்தத்தாலும் பராமரிப்பு வேலைகளாலும் வந்தவை. மீதியில் பல உடம்புக்குள்ளிருந்து வரலாம். இதய நோயாளியிடம் அங்கேதான் அதிகம் தேட வேண்டும்.

இதயம் தளர்ந்தவருக்கு மல்லாந்து படுத்தால் கால்களில் தேங்கிய நீர் மேலேறி நுரையீரலில் சேரும். மூச்சுத் திணறி எழுந்து உட்காருவார். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று இதய டாக்டர்கள் கேட்பது இதற்காகத்தான். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது அவருக்கு மருந்து போல. நேற்று இரண்டு தலையணையில் தூங்கியவர் இன்று மூன்று கேட்டால், அது வசதிக்கான கோரிக்கை என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள்.

பிறகு நீர் மாத்திரை. ஃப்ரூசிமைடு, நம் ஊர்ச் சீட்டுகளில் பெரும்பாலும் லாசிக்ஸ். வாய்வழி எடுத்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் சிறுநீரை இழுக்கும். இரண்டாம் வேளை மாத்திரையை இரவு எட்டுக்குக் கொடுத்தால் இரண்டு மணி வரை பெட்பேன்தான். டாக்டர் ஒப்புக்கொண்டால் அதே மாத்திரையைப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மாற்றலாம். நீர் இருட்டுவதற்குள் போய்விடும். சீட்டில் ‘1-0-1’ என்று எழுதிய பழக்கத்தாலேயே இரவு மாத்திரையாகிவிடுவதுண்டு. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தக் கேள்வியை மட்டும் நாளைய ரவுண்ட்ஸில் கேளுங்கள். மூச்சுத் திணறல் முற்றிய நிலையில் நரம்பில் ஏற்றும் மருந்துக்கு இது பொருந்தாது. அப்போது மூச்சுதான் முதலில்.

அப்பாவுக்குக் கொடுத்த மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சிலருக்குத் தூக்கம் வராமல் செய்யும், கெட்ட கனவையும் கொண்டுவரும். இரவில் மூளை சுரக்கும் மெலடோனினை அவை குறைப்பது ஒரு காரணம். 2012-ல் போஸ்டனில், இந்த மாத்திரை எடுக்கும் 16 பேருக்கு மூன்று வாரம் மெலடோனின் கொடுத்துப் பார்த்ததில் தூக்கம் கூடியது. மிகச் சிறிய ஆய்வு, கடையில் வாங்கிப் போடுவதற்கான அனுமதியல்ல. பீட்டா பிளாக்கரை நாமாகத் திடீரென்று நிறுத்துவதோ நேரடி ஆபத்து. கனவு தொல்லை கொடுத்தால் டாக்டரிடம் சொன்னால் வகையை மாற்றவோ நேரத்தை மாற்றவோ வழி உண்டு.

பைபாஸ் ஆனவர்களுக்கு வலி. பிளந்த நெஞ்செலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும். ஆயுள் முழுக்க ஒருக்களித்துப் படுத்த மனிதரை மல்லாக்கப் போட்டால் தூக்கம் எப்படி வரும்? வலி மாத்திரை அடுத்த வேளை எப்போது என்று தெரிந்துகொண்டு, படுக்கும் நேரத்துக்கு அது வேலை செய்யும்படி கேட்பது நல்லது. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவது இங்கே வீரம் இல்லை; வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்காமல் இருமாமல் இருந்தால் சளி கட்டும். தொடை வழியாக ஆஞ்சியோ செய்தவர் காலை நீட்டியபடி சில மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், இடுப்பு கழன்றுபோகும். எவ்வளவு நேரம் என்று முன்னரே கேட்டு வைத்தால் அந்த வேதனைக்கு ஒரு கரை தெரியும்.

குறட்டையும் உண்டு. உயர் ரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி, அடைப்பு உள்ளவர்களில் 40 முதல் 80 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2021-ல் எழுதியது. பெரும்பாலோருக்கு அது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. பலத்த குறட்டை, நடுவே சில நொடி அமைதி, பிறகு பெருமூச்சோடு திமிறல் என்று கண்டால் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள். வார்டில் கண்விழித்து உட்கார்ந்திருக்கும் மகனோ மகளோ தவிர வேறு யார் கண்ணிலும் அது படாது.

இப்படிப்பட்டவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும். அல்ப்ரஸோலாம் போன்றவை மூச்சைத் தளர்த்தும். முதியவர்களுக்குக் குழப்பத்தைக் கொண்டுவரும், எழுந்து நடந்தால் விழவைக்கும். ‘வீட்டில் போட்டுக்கொண்டிருந்தார், பையில் இருக்கிறது’ என்று சொல்லாமல் கொடுத்துவிடாதீர்கள். அதே சமயம், பல வருடமாகப் போட்டுவந்தவருக்குச் சட்டென்று நின்றாலும் சிக்கல்தான். எனவே சேர்க்கும் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுவது முக்கியம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

குழப்பம் என்றேனே, அது வீட்டாரை நடுங்கவைப்பது. பெரிய அறுவை முடிந்த முதியவர் இரவில், ‘பஸ் வந்துடுச்சு, பையை எடு’ என்பார். இல்லாத பூனையை விரட்டுவார். டெலிரியம் எனப்படும் இந்த மனக்குழப்பம் பைத்தியமல்ல, பெரும்பாலோருக்குச் சில நாளில் தெளியும். தூக்கக்கேட்டோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. கண்ணாடியையும் காதுக் கருவியையும் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வருகிறோமே, அதுவும் இதைக் கூட்டும். பகலில் அவற்றை மாட்டிவிடுங்கள், இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று சாதாரணமாகப் பேச்சில் சொல்லுங்கள். திடீரென்று குழப்பம் வந்தால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் சொல்லவும் வேண்டும், தொற்றோ ஆக்சிஜன் குறைவோ பின்னால் இருக்கலாம்.

இரவைச் சீராக்கும் வேலை காலையிலேயே தொடங்குகிறது. திரைச்சீலையை விலக்கி வெளிச்சம் முகத்தில் படவிடுங்கள். டாக்டர் அனுமதித்ததும் நாற்காலியில் உட்காரவையுங்கள். ஒரு காலத்தில் மாரடைப்பு என்றால் வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும் என்பதே விதி. 1952-ல் இதய மருத்துவர்கள் சாமுவேல் லெவைன், பெர்னார்டு லௌன் இருவரும் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டியபோதுதான் அது மாறத் தொடங்கியது. மதியம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல், பேரனின் பள்ளிக்கூடக் கதையைப் பேசுங்கள். மாலைக் காபி வேண்டாம்; காபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். எட்டு மணிக்குப் பிறகு பார்வையாளர் வராமல் பார்த்துக்கொள்வது சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் மனஸ்தாபத்தைத் தரும், பரவாயில்லை.

இரவுக்குக் கண்மறைப்பும் காதடைப்பானும் பெரிய செலவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு, ஐ.சி.யு.வில் இவை தூக்கத்துக்கும் குழப்பத்தைத் தடுக்கவும் ஓரளவு உதவலாம் என்றது. சான்று வலுவானது அல்ல என்றும் சேர்த்தே சொன்னது. காதடைப்பான் வைப்பதாக இருந்தால் சிஸ்டருக்குத் தெரிய வேண்டும். ஏற்கெனவே குழம்பியிருப்பவருக்கு வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1998-ல் அமெரிக்காவில் கேத்தி ரிச்சர்ட்ஸ் என்ற நர்ஸ் ஆராய்ச்சியாளர், இதய நோயோடு தீவிர சிகிச்சையில் இருந்த 69 முதிய ஆண்களை எடுத்துக்கொண்டார். ஒரு பிரிவினருக்கு இரவு ஆறு நிமிடம் முதுகு நீவிவிட்டார்கள், அவ்வளவே. அவர்கள் மற்றவர்களைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம் என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் எண்ணெய்கூட வேண்டாத வைத்தியம், நம் பாட்டிகளுக்குத் தெரிந்தது. கால் பிடித்துவிடுவதானால், பைபாஸுக்காக ரத்தக் குழாய் எடுத்த இடத்தையும், திடீரென ஒரு பக்கம் மட்டும் வீங்கிய காலையும் தொடாதீர்கள்.

வீடு திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம். யேல் பல்கலைக்கழக இதய மருத்துவர் ஹார்லன் கிரம்ஹோல்ஸ் 2013-ல் வேறொன்றைச் சுட்டினார். அமெரிக்காவில் முதியோரில் ஐந்தில் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் மீண்டும் சேர்கிறார், அதுவும் பெரும்பாலும் முதலில் வந்த நோய்க்காக அல்ல. மருத்துவமனையில் இழந்த தூக்கம், சரியாகச் சாப்பிடாதது, படுத்தே கிடந்தது எல்லாம் சேர்ந்து உடம்பை எதையும் தாங்காத நிலையில் வெளியே அனுப்புகின்றன என்றார் அவர். ஆகவே வந்த முதல் வாரம் விசாரிக்க வரும் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள். இரவு ஒரே நேரத்தில் விளக்கை அணையுங்கள். மூச்சு வாங்கி எழுந்தால், நெஞ்சு இறுகினால், விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மாரடைப்புக்குப் பிறகு பலருக்கு வருவது, சிகிச்சையும் உண்டு.

அப்பா வீட்டுக்கு வந்த முதல் இரவு, மணி இரண்டுக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார். என்னப்பா என்றேன். ‘ஒண்ணுமில்ல, பி.பி. பார்க்க வருவாங்கன்னு முழிப்பு வந்துடுச்சு’ என்றார். அந்தப் பழக்கம் போக ஒன்பது நாள் ஆனது.